ராயர் வீட்டு ஓடும் சந்தைக் கிணறும்

முன்னொரு காலத்தில் வேம்பாற்றூர்ச் சீமையைக் குலமாணிக்க ராஜா என்றொருவர் ஆண்டுவந்தார். நினைத்த நேரத்தில் நினைத்ததைச் சொல்லுவார், சொன்னால் சொன்னதுதான். அவருடைய மந்திரி அழகியசொக்கர். யானைக் கொட்டடிக்கு அதிகாரி கங்காதரராயர். ராயருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். மந்திரி தும்மினால்கூட, 'சபையே திரும்பிப் பார்க்கிறதே!' என்று புழுங்குவார்.

ஒருநாள் சந்தைக் கிணற்றில் இறைத்த வாளியில் செத்த அணில் வந்தது. பெண்கள் குடமும் கையுமாக அரண்மனைக்கே வந்துவிட்டார்கள்.

"கிணற்றுக்கு மேலே சின்னதாய் ஒரு கூரை போட்டால் போதும், மகாராஜா" என்றார் மந்திரி.

ராயர் முந்திக்கொண்டார். "கஜானாவைத் தொடாமல் போடட்டுமே! இவ்வளவு பெரிய புத்திசாலிக்கு அது ஒரு காரியமா?"

ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்படியே! ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கிணற்றின்மேல் கூரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சொக்கரே, உம்முடைய முத்திரை மோதிரம் ராயருக்கு!"

ராயர் அப்போதே தன் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மந்திரி கிணற்றடியில் நாலு மூங்கிலை மட்டும் நட்டார். "கட்டியவர் பெயரை முகப்பில் கல்லில் வெட்ட வேண்டும்" என்று சிற்பியிடம் உரக்கச் சொன்னார். தண்ணீருக்கு வந்த பெண்கள், "நீங்க மகராசனா இருக்கணும் சாமி!" என்று கைகூப்பினார்கள். அந்த வழியாக வந்த ராயர் காதில் அது விழுந்தது.

'கட்டவே இல்லை, அதற்குள் வாழ்த்தா? என்னை இந்த ஊரில் ஒருத்தியாவது வாழ்த்தியிருக்கிறாளா?' அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சட்டென்று ஒரு யோசனை வந்தது. 'நானே கட்டிவிட்டால் பெயர் எனக்கு. அவர் கட்டவில்லை என்று ஆகிவிடுமே, மோதிரமும் எனக்கு!'

மறுநாளே மூங்கிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த தேக்கை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

மந்திரி முகம் வாடிப்போய் நின்றார். "நான் நாலு தூண்தான் நினைத்திருந்தேன்..."

ராயர் எட்டு நட்டார்.

"ஓலைதான் வேயலாமென்று..."

ராயர் தன் வீட்டு ஓடுகளையே பிரித்துக் கொண்டுவந்தார்.

"மாடு குடிக்க ஒரு கல்தொட்டி வைக்க ஆசைப்பட்டேன். சரி, போகட்டும்" என்று மந்திரி பெருமூச்சு விட்டார். விடிந்தபோது இரண்டு தொட்டி கிடந்தது.

ஐப்பசி மேகம் திரண்ட அன்று ராஜா பார்க்க வந்தார். ராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா, இதில் மந்திரி ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. அத்தனையும் நான்! மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்."

"என்ன சொக்கரே?"

"உண்மைதான் மகாராஜா. கூரை நிற்க வேண்டும் என்றீர்கள், நிற்கிறது. கஜானாவைத் தொடவில்லை. என்னிடம் தேக்கும் இல்லை, ஓடும் இல்லை. ராயரிடம் பொறாமை இருந்தது. அதை வைத்துக் கட்டினேன்."

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "ராயரே, கல்லில் உம் பெயரே இருக்கட்டும். மோதிரம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆமாம் சொக்கரே, ஊரில் இன்னும் ஆறு கிணறு திறந்து கிடக்கிறதே, அடுத்து எதற்குக் கூரை?"

"மேலத்தெருக் கிணற்றுக்கு, மகாராஜா, நான்..."

"அதையும் நானே போடுகிறேன்!" என்று துள்ளினார் ராயர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அந்நேரம் மழை பிடித்துக்கொண்டது. ராஜா, மந்திரி, பெண்கள், மாடுகள் எல்லோரும் புதுக் கூரையடியில் நனையாமல் ஒதுங்கினார்கள். ராயர் மட்டும், ஓடில்லாத தன் வீட்டை நினைத்துக்கொண்டு, மழையில் ஓடிக்கொண்டிருந்தார்.