மஞ்சள் தடவிய நன்றி

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே இருந்த குருவுக்கு, அவரைத் தேடி வரும் சீடர்களில் பாதிப் பேரைவிட வயது குறைவு. அதனால் எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்.

சீடர்களில் ஒருவர் பொங்கியண்ணன். துண்டு நெய்கிற தறிப்பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர். வியாபாரம் என்று வந்தால் இன்னும் கொஞ்சம் நல்லவராகிவிடுவார், அவ்வளவுதான்.

எப்போதோ கோயம்புத்தூரில் ஒரு தொழில் வகுப்புக்குப் போயிருந்தார். சரக்கு எடுக்கிறவர்களுக்குக் கைப்பட நன்றி எழுதி அனுப்புங்கள், உறவு அறுந்து போகாது என்று அங்கே சொன்னார்கள். அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தார். முதலில் அவரே எழுதினார். ஆர்டர் பெருகியதும், பட்டறையில் கணக்கு எழுதுகிற பெண்ணை எழுதச் சொன்னார். அவளுக்கு முத்து முத்தான எழுத்து. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கார்டுகளைச் சாமி முன்னால் அடுக்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வரிசையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

மடத்துக்கும் ஒரு கார்டு வந்தது. அவர் திருநீறு வாங்கிக்கொண்டு போன வாரம் அது. "எங்கள் நிறுவனத்தின் மேல் தாங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி" என்று இருந்தது.

குரு படித்துவிட்டுச் சிரித்தார். "துண்டு ஒண்ணும் வாங்கலையே நான்" என்றார்.

ஒரு நாள் பொங்கியண்ணன் வந்து விழுந்து கும்பிட்டார். எழுந்து நிற்காமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சாமி, பாதித் தறி நின்னு போச்சுங்க."

"என்ன ஆச்சு?"

"கும்பகோணத்துல மாசிலாமணின்னு ஒரு மொத்த வியாபாரி. நம்ம சரக்குல பாதி அவருதான் எடுப்பாரு. திடீர்னு நிறுத்திட்டாரு. போன் போட்டா எடுக்கறதில்லை. இப்படியே போனா ஆடிக்குள்ள பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். தறி ஓட்டறவங்க எல்லாம் என் முகத்தையே பார்த்துட்டு நிக்கறாங்க."

"ஏன் நிறுத்தினாராம்?"

பொங்கியண்ணன் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்துதான் லாரி செட்டுல சொன்னாங்க. அவருக்கு ஒரே பொண்ணு. காய்ச்சல்ல போயிருச்சாம். கருமாதியன்னிக்கு, சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கறப்ப, தபால்ல நம்ம கார்டு போயிருக்குது."

"மஞ்சள் தடவின கார்டா?"

"ஆமாங்க."

"என்ன எழுதியிருந்தது?"

"எப்பவும் எழுதறதுதானுங்க. 'தங்கள் இல்லத்தில் என்றும் மங்களம் பொங்கட்டும்'னு முடியும். பெத்தவங்க கையிலேயே போய்ச் சேர்ந்திருச்சாம்."

குரு கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்களே சாமி. கணக்கு எழுதற பிள்ளை வழக்கம்போல எழுதுச்சு. நான் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன்."

"பொண்ணு பேரு என்ன?"

"எழுதற பிள்ளையுங்களா?"

"செத்துப்போன பிள்ளை."

பொங்கியண்ணன் தலையைக் குனிந்தார். "கேட்டுக்கலைங்க."

"ஆர்டர் நிக்கலைன்னா, அது செத்ததே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பொங்கியண்ணன் தலை நிமிர்ந்தார்.

"இப்ப என்ன எழுதினா அவரு மனசு ஆறும்? நீங்க சொல்லுங்க சாமி. இந்தத் தடவை நானே என் கையால எழுதிடறேன்."

குரு ஒரு காகிதமும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "எழுதுங்க, பார்க்கலாம்."

பொங்கியண்ணன் எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். எழுதும்போது அவர் கண் கலங்கித்தான் இருந்தது. குரு வாங்கிப் படித்தார். நல்ல வார்த்தைகள்தான். மன்னிப்பும் இருந்தது. கடைசி வரியில், "என்றும் தங்கள் ஆதரவை நாடும்" என்று போட்டு, பெயர் எழுதியிருந்தார்.

"இது எதுக்கு?"

பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "கை தானா எழுதிருச்சுங்க."

குரு எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் அந்தக் காகிதத்தைச் செருகிவிட்டு வந்தார்.

"நேர்ல போங்க."

"என்ன கொண்டு போகட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"என்ன பேசட்டும்?"

"பேச வேண்டாம். கொஞ்ச நேரம் கூட உட்காருங்க. எழுந்து வந்துடுங்க."

"ஆர்டர் விஷயத்தை..."

குரு அவர் முகத்தைப் பார்த்தார். பொங்கியண்ணன் எழுந்து போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே குழாயடியில் நின்று காலைக் கழுவினார். கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். குருவே எழுந்து அங்கே வந்தார்.

"போனீங்களா?"

"போனேனுங்க."

"என்ன சொன்னாரு?"

"வாங்கன்னு சொல்லலை. துக்க வீடாச்சுங்களே. நானும் பேசாமப் போய் உட்கார்ந்தேன். உள்ளே கொடியில ஒரு துண்டு கிடந்துச்சு. நீலக் கரை. நம்ம தறியில ஓட்டினது சாமி. அழுக்கா, மொடமொடன்னு காய்ஞ்சு கிடந்துச்சு. நான் அதையே பார்க்கறதைப் பார்த்துட்டு அவரு வீட்டம்மா சொன்னாங்க. 'செண்பகா கடைசியாத் தலை துவட்டினது. தோய்க்க மனசு வரலை'ன்னாங்க."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. குரு குனிந்து அதை நிறுத்தினார்.

"அழுதுட்டேனுங்க. எம் பொண்ணும் அப்படித்தான், தலை துவட்டின துண்டைக் கண்ட இடத்துல போட்டுட்டுப் போகும். அந்த நெனப்பு வந்துருச்சு. அடக்க முடியலை. அவரும் அழுதாரு. என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. கார்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைங்க."

"நல்லது."

"அதோட வந்திருக்கலாம் சாமி."

"ஏன்?"

"எழுந்தேன். வாசல்ல செருப்பு மாட்டறப்ப, வாய் தானா... 'போயிட்டு வர்றேனுங்க முதலாளி'ன்னு சொல்லிருச்சு."

துக்க வீட்டில் அப்படி யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. பேசாமல்தான் எழுந்து வருவார்கள். மறுபடி வருகிற வீடா அது? பொங்கியண்ணனுக்கும் இது தெரியும். எத்தனையோ துக்கத்துக்குப் போய் வந்தவர். ஆனால் அந்த வார்த்தையை ஊர் ஊராகக் கடைப்படிகளில் நின்று, சிரித்த முகத்தோடு, இத்தனை காலமும் சொல்லிப் பழகிய வாய் அது.

"அவரு அழுகை அப்படியே நின்னு போச்சுங்க. என் கையைப் பிடிச்சிருந்த கையை வேட்டியில துடைச்சுக்கிட்டாரு. 'ஓகோ, இதுக்குத்தானா'ன்னாரு. 'எதுக்கு இன்னொரு தடவை வந்து அலையணும்? இப்பவே வாங்கிட்டுப் போயிடுங்க'ன்னு கடை ஆளைக் கூப்பிட்டு, வழக்கமா எடுக்கறதைவிட ரெண்டு பங்கு ஆர்டர் எழுதிக் குடுக்கச் சொன்னாரு. 'சரக்கு லாரியில வரட்டும், நீங்க வர வேணாம்'னாரு. அந்தம்மா எழுந்து கொடியில இருந்த துண்டை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

பொங்கியண்ணன் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தறி ஓட்டறவங்க நெனப்பு வந்துச்சுங்க."

"வாங்கிக்கிட்டீங்க."

"வாங்கிக்கிட்டேன்."

"தறி?"

"எல்லாம் ஓடுதுங்க. ராப்பகலா ஓடுது. அந்தச் சத்தத்துல என்னால பட்டறையில உட்கார முடியலை." அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார். "நான் நெசமாத்தான் அழுதேன் சாமி. நீங்களாவது நம்புங்க."

"நம்பறேன்."

"அவரு நம்பலையே. என்ன செஞ்சா அவரு நம்புவாரு?"

குரு உள்ளே போனார். வெள்ளைக் காகிதமும் பேனாவும் எடுத்துவந்து பொங்கியண்ணன் கையில் கொடுத்தார். குருவின் முகத்தில் கேலி இல்லை.

"ஆர்டர் கொடுத்தவங்களுக்கு வழக்கமா நன்றி எழுதுவீங்களே" என்றார். "எழுதுங்க."