மயில் திருத்திய வினா

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, நடுவே பரந்ததொரு புல்வெளி இருந்தது. அங்குள்ள பாறைமீது நின்று ஆட்காட்டிப் பறவை ஒன்று நெடுங்காலம் காவல் புரிந்தது. அதன் குரலை நம்பி மான்கள் கவலையின்றி மேய்ந்த அந்த மாலைகள் எத்துணை இனியவை!

ஆட்காட்டி இறந்தது. புதிய காவலரைத் தேர்ந்தெடுக்க, தற்பெருமை மிக்க மயில் முன்வந்தது. காவலருக்கு நாவற்பழத்தில் முதற்பங்கு உண்டு.

"புலி பதுங்கி வருவதை எது காட்டும்? பாடும் பாறையா, பறக்கும் ஆமையா, சிரிக்கும் மரமா, அசையும் புல்லா?" என்று கூடியிருந்த விலங்குகளிடம் மயில் வினவியது. எல்லோரும் சிரித்தனர்.

"அசையும் புல்!" என்று முந்திக்கொண்டு கத்தியது நரி.

"நீயே காவலன்!" என்றது மயில்.

நரி முயலிடம் பீற்றிக்கொண்டது: "புலியின் வாடையைக்கூட நான் அறியேன், அப்பனே! ஆமை பறக்குமா? பொய் மூன்றையும் தள்ளினேன். மெய் தானே மடியில் விழுந்தது!"

அதைக் கேட்ட தாய்மான் பதறி ஓடியது. "மயிலண்ணா! இவனை நம்பி மேய்ந்தால் என் குட்டிகள் புலிக்கு இரையாகுமே!"

"என் வினாவில் என்ன குறை? அழகாக இல்லையா?" என்று தோகையைச் சிலிர்த்தது மயில்.

"அழகுதான். ஆனால் பறக்கும் ஆமையைக் கண்டு நாங்கள் எவரும் ஏமாந்ததில்லையே! குட்டியாயிருந்தபோது மேகத்தின் நிழலைக் கண்டு ஓடினேன். சருகில் உடும்பு ஊர்ந்தபோதும் ஓடினேன். காற்றில் புல் சாய்ந்தாலும் ஓட்டந்தான்! 'அடி அசடே, திரும்பி வா!' என்று ஆட்காட்டி சிரிக்கும். அந்தச் சிரிப்பை இனி எங்கே கேட்பேன்?"

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. மறுநாள் எல்லோரையும் மீண்டும் அழைத்தது.

"புலியைக் காட்டுவது எது? தரையில் ஓடும் நிழலா, சருகின் சலசலப்பா, காற்றோடு சாயும் புல்லா, காற்றுக்கு எதிராக அசையும் புல்லா?"

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. "நான்கும் மெய் போலவே இருக்கின்றனவே!" என்று நரி விழித்தது. "சலசலப்பு!" என்று குத்துமதிப்பாகச் சொன்னது.

"அது உடும்பு, நரியாரே!" என்றது மான்.

"காற்றுக்கு எதிராக அசையும் புல்" என்றது முயல், நடுங்கும் குரலில்.

"தன் நிழலுக்கே அஞ்சுபவன் காவலனா?" என்று நரி எள்ளியது.

"அஞ்சி அஞ்சித்தான் ஒவ்வொரு புல்லையும் பார்க்கப் பழகினேன், ஐயா."

மயில் தலையசைக்க, முயல் காவலனாகப் பாறைமீது ஏறியது. அன்று மாலை காற்று கிழக்கே வீச, ஓரிடத்துப் புல் மட்டும் மேற்கே விலகிவந்தது. "புலி! புலி!" என்று முயல் வீறிட்டது. தாய்மான் குட்டிகளுடன் குன்றேறித் தப்பியது.

அவர்களுக்கு முன்னதாகவே குன்றின் உச்சியில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தது நரி.

நீதி: பொய் விடைகள் நம்பும்படி இருந்தால்தான், மெய்யை அறிந்தவர் யார் என்பது விளங்கும்.