திரும்பினாலும் திரும்பாத சத்தம்

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே மியூசிக்கை ஆஃப் பண்ணிட்டேன். இப்ப வேற ஒண்ணு கேக்குது."

"என்ன கேக்குது?"

"தட்டுற சத்தம்."

ஜெசிந்தா அவரை உள்ளே வரச் சொன்னாள். தணிகாசலம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

உறையூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. ஆறு கம்ப்யூட்டர், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. வீடியோ கேமில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போனவர்கள் அங்கே வந்து பாடம் கேட்பார்கள். டீச்சருக்கு வயது இருபத்தேழு. இந்த மாணவருக்கு நாற்பத்து மூன்று. யார் யாருக்கு வணக்கம் வைப்பது என்று முதல் நாளே இருவருக்கும் குழப்பம் வந்தது. கடைசியில் இருவருமே வைக்கவில்லை.

அறையில் ஃபேன் உண்டு. ஆனால் ஓடாது. ஆட்டம் நடக்கும்போது ஃபேன் சத்தம் கூடாது என்பது டீச்சரின் சட்டம். சித்திரை மாதத்திலும் அதே சட்டம்தான். திருச்சி வெயில் தெரிந்த எவரும் இதைக் கேட்டால் போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

தணிகாசலம் முதன்முதலாக வந்தது போன ஞாயிற்றுக்கிழமை. அன்று டீச்சர் அவரை ஒரே ஓர் ஆட்டம் ஆடவிட்டுப் பின்னால் நின்று பார்த்தாள்.

"மியூசிக் எதுக்கு இவ்வளவு சத்தமா?"

"ஆளு கிட்ட வந்தா மியூசிக் வேகமாகும் டீச்சர். அதை வச்சுத்தான் உஷாராவேன்."

"அப்ப ஆடுறது நீங்களா, மியூசிக்கா?"

அவர் திரையைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணுங்க. காலடி கேக்கும். கதவு திறக்கிறது கேக்கும். கேக்க வேண்டியதெல்லாம் அதுக்கு அடியிலதான் கிடக்குது."

பாடம் அவ்வளவுதான். இதற்குத்தானா முசிறியிலிருந்து பஸ் ஏறி வந்தோம் என்று அன்று அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

இப்போது மணி பத்தரை. பதினோரு மணிக்கு அவர் அணிக்கு இறுதிப் போட்டி. அணியில் ஐந்து பேர், ஐந்து ஊர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தணிகாசலத்தை நாள் தவறாமல் 'சாப்பிட்டீங்களா அண்ணே' என்று கேட்பவர்கள் உலகத்தில் அந்த நான்கு பேர்தான். எல்லா ஆட்டத்திலும் முதலில் சாகிற ஆள் இவர். 'இன்னைக்கும் அப்படின்னா வேற ஆளைப் போட்டுக்கலாம்ணே, தப்பா எடுத்துக்காதீங்க' என்று கேப்டன் இம்தியாஸ் நேற்று சொல்லிவிட்டான். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று இவருக்குத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆடவும் பயம். அதனால் இங்கே வந்திருந்தார்.

"எப்படித் தட்டுது?"

"ஒரு தட்டு. அப்புறம் சும்மா இருக்கும். மறுபடியும் ஒரு தட்டு."

"ஆட்டத்துல எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். பாழடைஞ்ச ரயில்வே ஸ்டேஷன்ல கேட்டுச்சு. சரி, அங்க யாரோ ஒளிஞ்சிருக்கான்னு நினைச்சேன். அடுத்த ஆட்டத்துல தீவு. அங்கயும் கேட்டுச்சு. ஹெட்போனை மாத்தினேன். வேற கேம் போட்டுப் பாத்தேன். கத்திரிக்கா நட்டுத் தண்ணி ஊத்துற கேம் டீச்சர், சின்னப் புள்ளைங்க ஆடுறது. அதுலயும் தட்டுது."

"எந்தப் பக்கம்?"

"பின்னால. இடது பக்கம்."

"திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு இடது காது கேக்காது அண்ணே. பொறந்ததுலேர்ந்தே. ஒரு காதுக்குச் சத்தம் வரும், பக்கம் தெரியாது. ரோட்டுல ஹாரன் அடிச்சா எந்தப் பக்கம் வண்டின்னு தெரியாது. அதனால நான் திரும்பிடுவேன். திரும்பத் திரும்பச் சத்தம் கூடும், குறையும். அப்படித்தான் கண்டுபிடிப்பேன். ஆட்டத்துலயும் அதேதான்."

ஆளே இல்லாத பயிற்சி மைதானம் ஒன்றைத் திரையில் போட்டாள். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள்.

"நடங்க."

நடந்தார். மணலில் அவருடைய காலடி மட்டும் கேட்டது. சரக், சரக். வேறு ஒன்றும் இல்லை.

டங்.

தணிகாசலத்தின் தோள் தூக்கிப் போட்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நாற்காலியோட திரும்ப வேணாம். ஆட்டத்துக்குள்ள திரும்புங்க. முழுசா."

மவுஸை இழுத்தார். திரையில் மைதானம் சுற்றியது. பின்னால் இருந்த சுவர் முன்னால் வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை.

டங்.

"இப்ப எங்க?"

"பின்னால. இடது பக்கம்."

"இன்னொரு தடவை திரும்புங்க."

திரும்பினார். காத்திருந்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

டங்.

"பின்னால டீச்சர். அதே இடது பக்கம்."

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஆட்டத்துல இருக்கிற சத்தம் நாம திரும்பினா இடம் மாறும் அண்ணே."

"இது மாறலையே."

"அப்ப அது ஆட்டத்துல இல்ல."

தணிகாசலம் ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல யாரு இருக்காங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"யாரும் இல்ல. நானும் அப்பாவும்தான் இருந்தோம். தை மாசம் போயிட்டாரு."

"அப்பா என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"டவுன் பஸ் கண்டக்டர். முப்பத்தோரு வருஷம்."

அப்புறம் அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"பக்கவாதம் வந்து பேச்சுப் போயிடுச்சு டீச்சர். வாய் கோணிக்கிச்சு. விசில் ஊத முடியாது. ஆனா விசிலை மட்டும் விடமாட்டாரு. நல்லா இருந்த இடது கையில வச்சிருப்பாரு. ஏதாவது வேணும்னா அதால கட்டில் குழாயில ஒரு தட்டு தட்டுவாரு. ஒரு விசில்னா வண்டி நிக்கணும்ல, அது மாதிரி. நான் போவேன். தண்ணி குடுப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். வேலை ஆனதும் ரெண்டு தட்டு. ரைட், நீ போகலாம்."

"ம்."

"மொதல்ல எல்லாம் ஒரு தட்டுக்கே ஓடுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை டீச்சர். நாப்பது தடவை. சில நேரம் போய் நின்னா ஒண்ணும் வேணாம், சும்மா பாப்பாரு. அப்புறம்..."

"அப்புறம்?"

"மியூசிக்கை ஏத்திட்டேன்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அவரு போன அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி. ஆட்டம் நாப்பது நிமிஷம் போச்சு. ஜெயிச்சோம். ஜெயிச்சதைச் சொல்லலாம்னுதான் உள்ள போனேன். கை கட்டில் குழாய் மேல இருந்துச்சு. குழாயில ஒரு இடத்துல பச்சை பெயிண்ட் சுத்தமா உதிர்ந்து போயிருந்துச்சு. காலையில அது அப்படி இல்ல. தரையெல்லாம் பெயிண்ட் தூள்."

"ரெண்டு தட்டு தட்டினாரா?"

"எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? எனக்கு மியூசிக்தானே கேட்டுச்சு."

மணி பதினொன்று ஆகப் போகிறது. ஹெட்போனில் இம்தியாஸின் குரல் வந்தது. "அண்ணே, ரெடியா?"

"ரெடிப்பா."

அவர் கை தானாகச் செட்டிங்ஸுக்குப் போனது. மியூசிக் பூஜ்யத்தில் இருந்தது. இழுத்தால் நூறு.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக்கவா டீச்சர்? இந்த ஒரு ஆட்டம். இவங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல."

"கை உங்களோடது அண்ணே."

"நீங்க சொல்லுங்க."

"பாடம் அன்னைக்கே சொல்லிட்டேன்."

அப்போது அவருக்கு அவள் மீது வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. மவுஸை நாற்பது வரை இழுத்தார். தபேலா மாதிரி ஏதோ ஒன்று தூரத்தில் தொடங்கியது. அறுபதில் அது நெருங்கி வந்தது. சொந்த வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனார்.

ஆட்டம் தொடங்கியது.

ஐந்து பேரும் ஒரு பழைய மில்லுக்குள் நுழைந்தார்கள். இம்தியாஸ் வலது பக்கம் போனான். தணிகாசலம் மாடிப்படி அருகே காவல் நின்றார். இன்று எல்லாமே அவருக்குக் கேட்டது. மேலே ஒருவன் மண்டியிடுவது கேட்டது. சுட்டார். "சூப்பர்ணே!" என்று கத்தினான் இம்தியாஸ். இன்னொரு காலடி. அதையும் சுட்டார். மூன்றாவது ஆளைச் சுட்டதும் இவர்தான் என்பதை அணியாலேயே நம்ப முடியவில்லை. எதிரணியில் மிச்சம் இரண்டே பேர்.

டங்.

அவர் விரல் நின்றது.

"அண்ணே, முன்னால வாங்க. கவர் குடுங்க."

டங்.

"அண்ணே?"

டங்.

தணிகாசலம் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

அறை அமைதியாக இருந்தது. ஃபேன் ஓடவில்லை. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்தது மர மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான்.

டங்.

இரும்புக் குழாயில் உலோகம் படுகிற சத்தம். பின்னால். இடது பக்கம்.

ஜெசிந்தா மெல்லத் தலையைத் திருப்பினாள். கேட்கிற வலது காதை அந்த மூலைக்குக் காட்டினாள். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. பிறகு தலை ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அவள் கையில் மயிர் குத்திட்டு நின்றதை அவர் பார்த்தார்.

"உங்களுக்கும் கேக்குதா டீச்சர்?"

"திரும்புங்க அண்ணே."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான். திரும்புங்க."

அவர் நாற்காலியோடு திரும்பினார்.

சுவர் இருந்தது. தேதி கிழிக்காத காலண்டர் ஒன்று தொங்கியது. ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி. வேறு ஒன்றும் இல்லை.

டங்.

இப்போது அது நேர் எதிரே கேட்டது.

மேஜை மேல் ஹெட்போனுக்குள் இம்தியாஸ் கத்திக்கொண்டிருந்தான். குட்டிக் குட்டியாகக் கேட்டது. அண்ணே, எங்க இருக்கீங்க, அண்ணே.

தணிகாசலம் எழுந்தார். நான்கு அடி நடந்தார். மூலையில் தரையில் உட்கார்ந்தார். கட்டில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி, ஒரு காலை மடக்கி.

"என்னப்பா, தண்ணியா?"

டங்.

"புரட்டிப் படுக்க வைக்கணுமா?"

டங்.

"என்ன வேணும்னு எனக்குத் தெரியலையேப்பா."

சத்தம் வரவில்லை.

"நான் எங்கயும் போகலை. இங்கதான் இருக்கேன்."

சத்தம் வரவில்லை.

அவர் அழுதார். அதை அவர் மறைக்கவும் இல்லை. முகத்தைத் துடைக்காமல் அந்தக் காலி மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் திரையில் ஆட்டம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. ஹெட்போனும் ஓய்ந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

எவ்வளவு நேரம் என்று இருவருக்குமே தெரியாது.

டங். டங்.

ஜெசிந்தா எழுந்து போய் ஃபேனைப் போட்டாள்.