உதட்டுக்குப் பொருந்திய சொல்

தணிகைவேல் வந்ததும் வணங்கவில்லை. சுகந்தி அம்மாவின் இருக்கைக்குப் பின்னால் தொங்கிய திரையைத்தான் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?" என்றார் அம்மா.

"ஒயர்."

சொன்ன பிறகு அவருக்கே கூசியது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரான இந்தப் பெண்ணை எட்டு வருடமாகக் குருவாக வைத்திருக்கிறார். போரூரில் பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு மாடி, நாலு பாய், ஒரு விளக்கு. இங்கே வந்து ஒயர் தேடுவது அடுக்குமா? ஆனாலும் தேடினார்.

"தொழில் புத்தி அம்மா."

வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவர் தொழில். நடிகரின் உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே விரிகிறது என்று பார்த்து, அதற்குத் தோதாகச் சொல் போட வேண்டும். இப்போது எழுதுவது ஒரு விண்வெளித் தொடர்.

"நாப்பது எபிசோடு எழுதிட்டேன். பதினோரு கிரகத்துல பதினோரு சாமி வந்துச்சு. பதினொண்ணும் மெஷின். கடைசியில அந்த விஞ்ஞானி போய்த் திரையை இழுப்பா. பின்னாடி ஒயர் தொங்கும். பூசாரி திருதிருன்னு முழிப்பான்."

"நல்லாத்தானே இருக்கு."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பின்னாடி போய்ப் பாக்கணும்போல இருக்கு. உங்களையும்தான்."

அம்மா எழுந்து திரையை ஒதுக்கிக் காட்டினார். ஒரு துடைப்பம், அரிசிப் பை, ஓடாத மின்விசிறி. தணிகைவேலுக்கு நிம்மதி வரவில்லை. இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது என்று மனம் அடுத்த மூலைக்குப் போய்விட்டது. சந்தேகம் வந்தவனுக்கு எத்தனை திரையை விலக்கினாலும் போதாது.

"தொடர் மட்டும் காரணம் இல்ல," என்றார் அம்மா. "மீதியையும் சொல்லுங்க."

தணிகைவேல் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மனைவி அரசியின் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை கொடுத்த சம்மதப் படிவம்.

"அரசிக்குக் கழுத்துல கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இதைக் குடுக்கணும். அவ படிச்சா, கையெழுத்துப் போட்டா, பசிக்குதுன்னு சொல்லிட்டா. என் கையெழுத்துதான் பாக்கி."

"போட வேண்டியதுதானே?"

"எப்படிப் போடுறது? டாக்டரம்மாகிட்ட நேருக்கு நேர் கேட்டேன். 'நல்லபடியா முடியும்னு நம்புறோம்'னு சொல்றாங்க. நம்புறாங்களாம்! இவ்வளவு படிச்சுட்டு, இவ்வளவு மெஷின் வச்சுக்கிட்டு, தெரியும்னு ஒரு வார்த்தை வரலை. நம்புறதுக்கு நான் கோயிலுக்கே போயிருப்பேனே!"

அவர் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது.

அம்மா படிவத்தை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்:

"உங்க தொடர்ல விஞ்ஞானி எப்படிப் பேசுவா?"

"அடிச்சுப் பேசுவா."

"காட்டுங்க."

தணிகைவேல் மடிக்கணினியைத் திறந்தார். விண்கலத்தில் தீ. விஞ்ஞானி சொல்கிறாள்: 'இந்தக் கலம் நம்மை ஊர் சேர்க்கும். எனக்குத் தெரியும்.' மூலையில் பூசாரி, கண்ணை மூடிக்கொண்டு: 'எங்கள் கடவுள் வருவார். நம்புகிறேன்.'

"இதே இடம், மூலத்துல?"

அதையும் ஓட்டினார். அம்மா இரண்டு முறை கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதானே சொல்றாங்க?"

"ஆமா."

"உதடு?"

"ரெண்டு பேருக்கும் ஒட்டும். 'நம்புறேன்'தான் சரியா உக்காரும்."

"அப்புறம் அவளுக்கு மட்டும் ஏன் 'தெரியும்'?"

"விஞ்ஞானி போய் நம்புறேன்னு சொன்னா, பாக்குறவன் யாரும்மா மதிப்பான்? உதடு கொஞ்சம் ஒட்டாமப் போனாலும் பரவாயில்லைன்னு நான்தான் மாத்தினேன்."

"பூசாரிக்கு?"

"அவனுக்கு நம்புறேன்தான். கொஞ்சம் இழுத்துப் பேசச் சொன்னேன்."

நாற்பது எபிசோடு. எத்தனை இடத்தில் மாற்றியிருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை. தொடரைத் திட்டத்தான் அவர் படியேறி வந்தார். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"போன மாசம் ஊசி வச்சுக் கட்டியைச் சோதிக்கப் போனீங்களே, அப்ப நான் என்ன சொன்னேன்?" என்றார் அம்மா.

"'பயப்படாம போயிட்டு வாங்க'ன்னீங்க."

"அரசிகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

தணிகைவேல் மடிக்கணினியை மூடினார்.

"சொல்லுங்க."

"'ஒண்ணும் இருக்காது. அம்மாவுக்குத் தெரியும்'னு சொன்னேன்."

"அப்புறம் ரிசல்ட் வேற மாதிரி வந்தது. என் திரைக்குப் பின்னாடி ஒயர் தேடுறீங்க."

கீழே கடையில் யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. மணி ஐந்தாகப் போகிறது. தணிகைவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புதான். எல்லாம் நான் பண்ணினதுதான். ஆனா பயமா இருக்கும்மா. இருபத்தாறு வருஷம். அவ இல்லாத வீட்டை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியலை. டாக்டர் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க. அவ பொழைச்சு வந்துடுவான்னு உங்களுக்குத் தெரியும்னு, ஒரே ஒரு வார்த்தை. கேட்டுட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

அம்மா அந்தப் படிவத்தை அவர் முன்னால் நகர்த்தினார். அதன் மேல் ஒரு பேனாவை வைத்தார்.

"அந்த வசனத்தையும் நீங்களே எழுதிக் குடுங்க, தணிகைவேல். வாசிச்சுடறேன்."