மாசிலாமணியின் வேட்டி

மாசிலாமணி துறைமுகப் பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தலை நரைத்த பிறகு கடையை மகள் கையில் ஒப்படைத்துவிட்டு மலையடிவாரத்து மடத்தில் வந்து சேர்ந்தார். அங்கே குருவாக இருந்த தில்லையரசி அம்மை அவருடைய மகளைவிட இளையவர். மாசிலாமணி அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அவர் கேள்வி கேட்பார். அம்மை பதில் சொல்வார், இல்லையென்றால் சிரிப்பார். சிரிப்பையும் மாசிலாமணி பதிலாகவே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கொண்டுவந்த துணிமணிகளை வழியிலேயே வாரிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு வேட்டி மட்டும் மிஞ்சியது. தும்பைப்பூ வெள்ளை. அதை மடித்து வைப்பதைப் பார்த்தால் கைக்குழந்தையைத் தூங்க வைக்கிறார் என்றே தோன்றும்.

வைகாசிப் பௌர்ணமியன்று அவருக்குத் தீட்சை என்று முடிவாயிற்று. மடமே சந்தோஷப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சமையல் முறை அவருக்கு வந்தது. வாழைக்காய் சீவும்போது பால் வேட்டியில் தெறித்தது. முதலில் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால், மடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாகப் பிடித்திருந்தது.

அம்மையிடம் ஓடினார்.

"அம்மா, வாழைக்கறை பட்டுவிட்டது. எப்படிப் போக்குவது?"

"கட்டிக்கொள்ள முடியவில்லையா?"

"கட்டலாம். கண்ணை உறுத்துகிறது."

"அப்படியானால் கண்ணைக் கழுவிப் பாருங்கள் ஐயா," என்று சொல்லிவிட்டு அம்மை கீரை ஆயத் தொடங்கினார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று மாசிலாமணி நினைத்தார்.

மறுநாள் விடிந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனார். கடுங்கோடை. ஓடை வற்றி, மடத்துக்குக் கீழே ஒரு மடு மட்டும் தேங்கிக் கிடந்தது. அதிலிருந்து வழிகிற தண்ணீரைத்தான் கீழ்க்குடி என்ற ஊர் ஜனங்கள் குடித்தார்கள். ஆடுமாடுகளுக்கும் அதுதான். மாசிலாமணிக்கு அந்த நேரத்தில் கீழ்க்குடியும் தெரியவில்லை, மேல்குடியும் தெரியவில்லை. கறை ஒன்றுதான் தெரிந்தது.

சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். அசையவில்லை. உவர்மண்ணில் ஊறவைத்துக் கல்லில் அடித்தார். லேசாக வெளுத்த மாதிரி இருந்தது. அந்த ஆசையில் மறுநாள் மடத்துச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்து கரைத்தார். வேட்டியை அதில் போட்டு மிதித்தார், முறுக்கினார், அடித்தார், மடுவில் அலசினார், மறுபடியும் அடித்தார்.

டர்ரென்று ஒரு சத்தம். வேட்டி நடுவில் கிழிந்தது. கறை மட்டும் கிழிசலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவர் அதையே வெறித்துக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து வேலம்மா வந்தாள். கீழ்க்குடியில் ஆடு வளர்ப்பவள். இடுப்பில் குடம்.

"என்ன சாமி, தண்ணியில என்னத்தைக் கரைச்சீரு? என் வெள்ளாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது. நான் ஒரு வாய் குடிச்சேன், நாக்கு வெந்துபோச்சு."

அப்போதுதான் மாசிலாமணி மடுவைப் பார்த்தார். தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. ஓரத்தில் அயிரை மீன் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன.

ஈர வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அம்மையிடம் போய் நின்றார். வேலம்மாவும் விடாமல் பின்னாலேயே வந்தாள்.

"பெரிய பிழை செய்துவிட்டேன் அம்மா. இந்தத் துணியால் வந்த வினை. இதைத் தூரப் போட்டுவிடுகிறேன்."

"தூரம் என்றால் எங்கே?"

"வேலிக்கு அந்தப் பக்கம்."

"அங்கேதான் வேலம்மாவின் ஆடுகள் மேய்கின்றன."

"அதற்கும் தூரமாக."

"அதற்கும் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். யாருமே இல்லாத இடம் ஒன்று அகப்பட்டால், நானும் போட வேண்டியது கொஞ்சம் வைத்திருக்கிறேன்."

வேலம்மா வந்த கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். மாசிலாமணி சிரிக்கவில்லை. சுருட்டிய துணியோடு வேலம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தாயே, மடு தெளிகிறவரை உங்கள் ஊருக்கு நான் தண்ணீர் கொண்டுவருகிறேன். மலைமேல் சுனை இருக்கிறது."

"நீரா கொண்டாரப் போறீரு? மலைமேலருந்தா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முழம் போட்ட கையி சாமி அது. தண்ணிக் காவடி தூக்குமா?"

"தூக்கும்," என்றார். குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

"அப்படின்னா மொதல்ல அதைக் கொடும்." வேட்டியைப் பிடுங்கினாள். "கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டு மலை ஏறுனா பார்க்கிறவன் சிரிப்பான்."

தன் பழைய சேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கிழிசலில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். சேலை நல்ல மிளகாய்ச் சிவப்பு. வெள்ளை வேட்டியில் அது அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தது.

அந்த வேட்டியோடு மாசிலாமணி மலை ஏறினார். முதல் நாள் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திப்போயிற்று. தோள் வீங்கிவிட்டது. கீழ்க்குடிப் பெண்கள் அவர் தோளில் நல்லெண்ணெய் தடவிவிட்டு, மறுநாளும் வரச் சொன்னார்கள். அவரும் வந்தார். போகப் போகக் காவடித் தண்டின் ஆட்டத்துக்குக் கால் பழகியது. குடங்கள் தளும்பாமல் இறங்கக் கற்றுக்கொண்டார். எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எந்த வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது என்று தெரிந்து, அங்கே முதலில் ஊற்றினார். கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில்கூட அவர் இத்தனை பேருடன் பேசியதில்லை.

ஒருநாள் அம்மை தன் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி தாண்டிப் போனவர், திரும்பி வந்து பார்த்தார். ஓடையில் அல்ல, ஒரு வாளியில். பூந்திக்கொட்டை நுரையில் அம்மை துணியை அமுக்கி, அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் கையால் கசக்கினார். பிழிந்த தண்ணீரைக் கொண்டுபோய் வாழை மூட்டில் ஊற்றினார். வேம்பின் நிழலில் உலர்த்தினார்.

"வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே அம்மா?"

"காயும். எனக்கு அவசரமில்லை. துணிக்கும் இல்லை."

அன்று முதல் அவரும் அப்படியே செய்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கோடைமழை கொட்டியது. மலையெல்லாம் அருவி. ஓடை நுரைத்துக்கொண்டு வந்து மடுவை அலசி, பழைய தண்ணீரையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. காலையில் மாசிலாமணி போய்ப் பார்த்தபோது அடிமணல் தெரிந்தது. மேலேயிருந்து வந்த அயிரைகள் கூட்டமாக நீந்தின. வேலம்மாவின் வெள்ளாடு முன்னங்கால் இரண்டையும் நனைத்துக்கொண்டு மடமடவென்று குடித்தது.

"குடிக்குது சாமி!" என்று வேலம்மா கத்தினாள்.

"குடிக்கிறது! குடிக்கிறது!" என்று மாசிலாமணியும் கத்தினார். வயதை மறந்து தண்ணீரில் இறங்கிக் குதித்தார்.

அதனால் தீட்சைக்கு நேரமாகிவிட்டது. முழங்கால்வரை நனைந்தபடி மண்டபத்துக்கு ஓடிவந்தார். பின்னால் கீழ்க்குடியே வந்தது. அம்மை பீடத்தில் அமர்ந்திருந்தார். மடத்துக் காரியம் பார்க்கும் ஏகாம்பரம், வழக்கப்படி தர வேண்டிய புதுவேட்டியைத் தாம்பாளத்தில் ஏந்தி நின்றார். மாசிலாமணியைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார்.

"என்ன ஐயா இது கோலம்? ஒட்டும் திட்டுமாக? சீக்கிரம் இதை மாற்றிக்கொண்டு வாருங்கள்."

மாசிலாமணி குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு அம்மையைப் பார்த்தார்.

"துவைத்ததுதானே?" என்று அம்மை கேட்டார்.

"முந்தாநாள் துவைத்தேன் அம்மா. சில திட்டுகள் போகவில்லை. நானும் அவற்றைத் தொந்தரவு செய்யவில்லை."

அம்மை இறங்கி அருகே வந்து, வேட்டி நுனியில் இருந்த மஞ்சள் திட்டைக் காட்டினார். "இது?"

"என் மகள் கல்யாணத்து மஞ்சள்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "அரைச்ச கையோடயே குடத்தை இறக்கிவிட்டேன்."

"இந்தச் செம்மண்?"

"என் சக்கரத்து மண்ணுங்க," என்றார் குயவர் ஒருவர். "வழுக்கப் போனாரு, பிடிச்சுக்கிட்டேன்."

"இது நான் கொடுத்த மாம்பழம்!" என்று ஒரு கிழவர் எழுந்து நின்றார். "சாறு முழங்கைவரை ஒழுகிச்சு. கொட்டையைக்கூட விடலையே மனுஷன்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஏகாம்பரம் தாம்பாளத்தைப் பார்த்தார். "அப்படியானால் இந்தப் புதுவேட்டியை என்ன செய்வது அம்மா?"

"பெட்டியில் வையுங்கள். வேண்டிய ஒருவர் வருவார்," என்றார் அம்மை. "இவர் ஓர் ஊரையே உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார். அதைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வேன்?"