தில்லைநாயகம் வாங்கிவந்த நான்கு தட்டுகள்

மெல்பர்னில் செலின் தன் கார் ஷெட்டில் ஞாயிறுதோறும் பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபத்தொன்று. குரு சின்னவள் என்பதில் இருவருக்குமே வருத்தமில்லை. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று அவர் நான்கு துளைத்தட்டுகளோடு வந்தார். பானையின் அடியில் கரண்ட்டில் சூடாகும் கம்பிச்சுருள். அதன்மேல் தட்டு. தட்டின்மேல், முளைகட்டி உடைத்த பார்லி நிரம்பிய துணிப்பை. போன தடவை தட்டில்லாமல் காய்ச்சி, பை சுருளில் ஒட்டிப் பொசுங்கி, இருபது லிட்டரும் வீணாய்ப் போனது.

ஐந்து வாரத்தில் அவர் மகள் வானதிக்குக் கல்யாணம். விருந்துக்கு அப்பா காய்ச்சிய பீர் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள்.

“எதைப் போடட்டும் டீச்சர்?”

“உங்களுக்கு எது சரின்னு படுது?”

தில்லைநாயகம் மூன்று வாரம் இணையத்தைக் கரைத்துக் குடித்தவர். இருப்பதிலேயே பொடித்துளைத் தட்டை எடுத்தார். விளிம்பில் ரப்பர் பட்டை வேறு.

“ஒரு பொடி கீழ இறங்காது.”

“சரி, போடுங்க.”

அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். வெப்பமானி பானையின் மேல்பக்கம் தொங்கியது. அங்கே சூடு குறைந்தால் அடியில் சுருள் தானாகச் சூடேறும்.

போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மனைவி புனிதவதி.

“அந்தக் கழுதை பேசினாளா? பெத்தவ சொல்லு கேக்காதவ. காய்ச்சல்னாளே, விட்டுச்சாமா?”

“நல்லாருக்கா. வேற ஒண்ணும் சொல்லல.”

சற்று நேரத்தில் சிட்னியிலிருந்து மகள்.

“அம்மா ஏதாவது கேட்டாங்களாப்பா?”

“இல்லம்மா.”

“சரி. மாப்பிள்ளையப் பிடிக்கலன்னா கல்யாணத்துக்கு வரவே வேணாம்னு சொல்லிருங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவங்க தன்னோட கல்யாண முகூர்த்தத்துக்குக் கட்டின பச்சைப் புடவைய மட்டும் குடுத்து விடச் சொல்லுங்க. அதைத்தான் கட்டிக்கப் போறேன்.”

“சொல்றேன்ம்மா.”

போனை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார். “சொல்ல மாட்டேன் டீச்சர். வர வேணாம்னு காதுல விழுந்தா அவ அம்மா ஆடித் தீர்த்துருவா. ஒரு சுடுசொல் அங்க போகக் கூடாது, இங்க வரக் கூடாது. மூணு மாசமா அப்படித்தான் காப்பாத்திட்டு வர்றேன்.”

“ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையா?”

“அதான் நடுவுல நான் இருக்கேனே.”

மகள் கல்யாணத்தில் தாய் இல்லாமல் போய்விடுவாளோ என்கிற பயம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அரை மணி ஆனது. வெப்பமானி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. தீய்ந்த வாடை வந்தது. செலின் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

பானையின் அடியில் இருந்த குழாயைத் திறந்தாள். கருஞ்சிவப்பாய், காந்திய குழம்பு மாதிரி ஏதோ வந்தது. மேலே விரல் விட்டு நக்கிப் பார்த்தார் தில்லைநாயகம். வெதுவெதுப்பான மாவுத் தண்ணீர்.

“ஒரு பொடிகூட இறங்கலையே டீச்சர். அப்புறம் எப்படிக் கருகிச்சு?”

செலின் பையைத் தூக்கித் தட்டை எடுத்துக் காட்டினாள். எல்லாத் துளையிலும் மாவு அப்பிக் கிடந்தது.

“தண்ணியும் இறங்கலண்ணே. மேல உள்ளது சூடு கிடைக்காமக் கிடந்துச்சு. கீழ உள்ளது தனியாக் கிடந்து வெந்துச்சு.”

அவர் ஒரு துளையை நகத்தால் சுரண்டினார். பிறகு மீதி மூன்றில் பெரிய துளைத் தட்டைத் தொட்டார்.

“இதுல மாவு இறங்குமே?”

“இறங்கும். பீர் கொஞ்சம் கலங்கலா இருக்கும்.”

மறுபடி போன். புனிதவதிதான்.

“என்னங்க, காய்ச்சல் நெசமாவே விட்டுச்சா? அவகிட்ட கேட்டீங்களா இல்லையா?”

தில்லைநாயகம் பெரிய துளைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“புனிதா... பிடிக்கலன்னா நீ கல்யாணத்துக்கு வரவே வேணாங்கிறா.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“உன் முகூர்த்தப் புடவையைத்தான் கட்டிக்கப் போறாளாம். குடுத்து விடச் சொன்னா. நாந்தான் உன்கிட்ட சொல்லல.”

இப்போது மூச்சும் கேட்கவில்லை. திட்டும் இல்லை, அழுகையும் இல்லை. அவர் விரல் தானாகவே சிவப்புப் பொத்தானுக்குப் போனது. டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

“கட் பண்ணிராதீங்கண்ணே,” என்றாள் செலின்.