குளவி தேடுன கல்லு

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரு கிணறு, அதைச் சுத்திக் கொஞ்சம் கீரைத்தோட்டம், அவ்வளவுதான் சொத்து. ஆனா அவ ஆசையெல்லாம் கல்லு மேலயும் பூச்சி மேலயும். ஆத்துப் பக்கம் போனா மடி நெறையக் கல்லோட வருவா. ஒரு கல்லுல வெள்ளைக் கோடு ஓடும், ஒரு கல்லுல ஊசி போற ஓட்டை இருக்கும், ஒரு கல்லை நனைச்சாத்தான் செவப்பு தெரியும். எல்லாத்தையும் கிணத்து மேட்டுல அடுக்கி வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பா. சோறு ஆறிப்போகும், அப்பவும் பாத்துக்கிட்டே இருப்பா. ஊரே அவளைக் கல்லுப் பைத்தியம்னுச்சு. சொன்னாச் சொல்லட்டும்னு அவபாட்டுக்கு சந்தோசமா இருந்தா.

பக்கத்து நெலம் உடையப்பனோடது. அவனுக்கு வயலு இருக்கு, தோப்பு இருக்கு, ஆனா கண்ணு பூரா இவ கிணத்து மேல. ரெண்டு நெலத்துக்கும் நடுவுல முழங்கால் உசரத்துக்கு ஒரு எல்லைக்கல்லு. அந்தக் கல்லுல ஒரு குளவி மண்ணைக் குழைச்சுக் கூடு கட்டிக்கிட்டு இருந்துச்சு. நம்ம குருவம்மாவுக்குக் கேக்கணுமா! விடிஞ்சதும் போய்க் குந்திக்குவா. "என்னடி, இன்னிக்கு என்ன புழு?"ன்னு அதுகிட்ட விசாரிப்பா. சிரிக்காதீங்க, கதையே அதுலதான் இருக்கு.

ஒருநா அவ அண்ணன் ஊருக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனா. போயிட்டு வந்து பாத்தா, கல்லு கிணத்தைத் தாண்டி இந்தப் பக்கம் நிக்குது! கிணறு உடையப்பன் பக்கம் போயிருச்சு.

"என்னண்ணே இது?"ன்னு உடையப்பன்கிட்டக் கேட்டா.

"அது எப்பவும் அங்கதான் நிக்குது. ஊர்க் கல்லையெல்லாம் பொறுக்குறவளுக்கு இந்தக் கல்லு நின்ன எடம் தெரியலையாக்கும்?"ன்னான்.

கிணறு போனாக் கீரை போச்சு, கீரை போனாக் கஞ்சி போச்சு. அக்கம்பக்கத்துல சொன்னா, "சாட்சி இருக்கா?"ன்னாங்க. நாட்டாமைகிட்டச் சொன்னா, "சாட்சி இருக்கா?"ன்னாரு. அப்புறம் அழுதுக்கிட்டே ராசாகிட்டப் போனா, அவரும் "சாட்சி இருக்கா?"ன்னுதான் கேட்டாரு. இல்லைன்னு கும்புடக் குனிஞ்சா பாருங்க, மடியில இருந்த கல்லெல்லாம் கொட்டிப்போச்சு!

ராசா ஒண்ணை எடுத்துப் பாத்தாரு. கல்லுல ஒரு குட்டி எலையோட தடம், நரம்புகூட தெரியுது.

"ஏம்மா, கல்லுக்குள்ள எல எப்படிப் போச்சு?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன் ராசா, புடிபடல."

ராசா சிரிச்சுட்டாரு. இம்புட்டு உத்துப் பாக்குறவ எல்லையைத் தப்பாச் சொல்லுவாளான்னு நெனச்சு, கூடவே கெளம்பி வந்துட்டாரு.

வந்தாரா, உடையப்பன் கையைக் கட்டிக்கிட்டு, "கல்லு நிக்கிற எடம்தான் எல்லை மகராசா"ன்னான். குருவம்மா அதைக் காதுலயே வாங்கல. பழக்கதோசத்துல கல்லுகிட்டக் குந்திக் கூட்டைப் பாத்தா. கூட்டு வாயி தெறந்து கெடக்கு, குளவியைக் காணோம். எங்கடி போனேன்னு திரும்புனா, கிணத்துக்கு அந்தாண்ட, வெறும் தரைக்கு மேல, வாயில பச்சப்புழுவோட குளவி சுத்துது. சுத்துது, எறங்குது, கல்லு இல்லைன்னதும் எந்திரிக்குது. மறுபடி சுத்துது, எறங்குது, எந்திரிக்குது.

"ராசா, சாட்சி வந்துருச்சு!"ன்னு கத்துனா. "வீட்டைக் காணோம்னு தேடுறா, பாருங்க!"

"பூச்சி சொல்றதையெல்லாம் கேப்பாங்களா?"ன்னான் உடையப்பன்.

குளவி சுத்துன எடத்துல ராசா தோண்டச் சொன்னாரு. மேல ஒரு கூடை மண்ணு புதுசு, அள்ளுனா உள்ள கல்லு நின்ன குழி அச்சு அசலா இருக்கு!

ராசா சொன்னாரு: "உடையப்பா, கல்லை நீயே தலையில தூக்கிட்டு வந்து நடு. கூட்டுல ஒரு கீறல் விழக் கூடாது. அந்தக் குளவிக்குஞ்சு வெளிய வந்து பறக்குற வரைக்கும் நீதான் காவல்."

அம்மாடி! தூக்கிட்டு வந்து நட்டான். வெயில்ல குடையைப் புடிச்சுக்கிட்டு, கல்லையே பாத்துக்கிட்டுக் குந்தியிருந்தான். சோறு ஆறிப்போச்சு, அப்பவும் பாத்துக்கிட்டே இருந்தான். போறவன் வர்றவனெல்லாம், "என்ன கல்லுப் பைத்தியம், சௌக்கியமா?"ன்னு கேட்டான். குருவம்மா மட்டும் கேலி பண்ணல. பக்கத்துல வந்து குந்தி, "தள்ளிக்கண்ணே, நானும் பாக்குறேன்"னா.

குஞ்சும் பறந்துச்சு, கிணறும் நெறஞ்சுச்சு. அடுத்தவ கிணத்து மேல கண்ணு வச்சவனுக்கு அந்தக் கதி, கல்லு மேல கண்ணு வச்சவளுக்கு இந்தக் கதி. கதை அம்புட்டுதான், கண்ணை மூடுங்க.